ஒன்றேகால் லட்சத்துக்குள் சாதுவான குதிரை கிடைக்குமா?

வாசகர் கேள்வி:

பொள்ளாச்சிப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். எனக்கு வயது 43, எடை 74 கிலோ. மகளுக்கு 13 வயது, 38 கிலோ. இருவரும் கோவையில் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதமாக வார இறுதிகளில் சவாரி கற்கிறோம். ட்ராட் (சீரான துள்ளோட்டம்) வரை வந்துவிட்டோம், கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல்) இன்னும் பயம்தான். சொந்தமாக ஒரு குதிரை வாங்க ஆசை. கையில் 1,25,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது. மூன்று குதிரைகள் பார்த்திருக்கிறோம். ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 5 வயது தரோப்ரெட். காயடித்தது, 64 இன்ச், விலை 50,000. இரண்டு, அந்தியூர் ஆடிச் சந்தையில் பார்த்த 3 வயது வெள்ளை மார்வாரி இன ஆண் குதிரை. 61 இன்ச், 1,20,000. அவ்வளவு கூட்டத்திலும் அசையாமல் நின்றது. குழந்தைகூட ஏறலாம் என்றார் தரகர். மூன்று, மலைவாசஸ்தலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்த 12 வயதுப் பெட்டை. செந்நிறம், 55 இன்ச், 60,000. கண்ணுக்குக் கீழே சுழி இருப்பதால் வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

மூன்றாவதைப் பாருங்கள். ஆனால் மகளுக்காக மட்டும். அந்தப் பெட்டை உங்களைச் சுமக்காது. கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

கையில் பணம் குறைவு என்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். நிறம், உயரம், வம்சம், இளமை, சுழி சுத்தம் ஆகியவைதான் சந்தையில் விலையை ஏற்றுகின்றன. அவற்றையெல்லாம் தாராளமாக விட்டுவிடலாம். குணம், கால், கண், முதுகு இந்த நான்கில் மட்டும் பேரம் கூடாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெள்ளை நிறத்துக்கும் வளைந்த காதுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, குணம் போகப்போகச் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள்.

அந்த வெள்ளைக் குதிரை விஷயத்தில் உங்களைக் கவர்ந்தது அது அசையாமல் நின்றதுதான். மூன்று வயது ஆண் குதிரை, சுற்றிலும் பெட்டைகள், மேளம், ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கில் ஜனம். அந்த இடத்தில் அது காதைத் திருப்பி, மூக்கை விடைத்து, கனைத்து, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதுதான் இயல்பு. மரம்போல் நின்றதென்றால் காரணம் தேட வேண்டும்.

முதல் காரணம் பசி. விலா எலும்பு தெரிய மெலிந்த குதிரைக்குத் துள்ளத் தெம்பிருக்காது. வீட்டுக்கு வந்து நல்ல தீவனம் விழுந்து ஆறேழு வாரத்தில் சதை பிடித்ததும், வாங்கியபோது பார்த்தது வேறு குதிரையோ என்று தோன்றும். இரண்டாவது அசதி. விற்கும் நாளன்று விடியற்காலையிலேயே ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்துவிட்டு, பிறகு கட்டிப்போட்டுக் காட்டுவது பழைய வித்தை. சேணத்தின் வயிற்றுவார் படும் இடத்திலும் வயிற்றிலும் காய்ந்த வியர்வை உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்றாவது மருந்து. அசிப்ரோமசின், சைலசின் போன்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் தலை தொங்கும், கீழுதடு தளர்ந்து விழும், கால்களை அகட்டி வைத்து நிற்கும், காதருகே கைதட்டினால் திரும்ப நேரமாகும். ஆண் குதிரையில் குறி உறையிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டே இருப்பது அசிப்ரோமசினுக்கு நல்ல அடையாளம். நான்காவது வலி. நான்கு காலிலும் வலி உள்ள குதிரை நடக்கவே விரும்பாமல் நிற்கும், அதையும் சாது என்று சொல்லி விற்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் முறை போவதுதான். மூன்று நான்கு நாள் கழித்து, வேறு நேரத்தில், முடிந்தால் காலைத் தீவனத்துக்கு முன்பு போங்கள். சந்தையில் நிற்கும் குதிரைக்கு இந்த வாய்ப்பு கிடையாது. திருவிழா முடிந்தால் அது எந்த ஊரில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சந்தைக்குப் போய்ப் பழகுங்கள், பல் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், நாலு பேரிடம் விலை கேளுங்கள். முதல் குதிரையைச் சந்தையில் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அதற்கு ஆட்டம் பழக்கியிருக்கிறார்களா? கல்யாணத்துக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் போகும் வெள்ளைக் குதிரைகளுக்கு, கடிவாளத்தை இறுக்கிப் பிடித்து விலாவைத் தொட்டால் முன்னங்காலைத் தூக்கி ஆடச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உங்கள் பள்ளியில் அதே சைகைக்கு ‘முன்னே போ’ என்று அர்த்தம். உங்கள் மகள் குதிகாலால் மெல்லத் தட்டினால் அது இரண்டு காலில் எழுந்து நிற்கும். குதிரையின் மேல் தப்பு சொல்ல முடியாது, அதற்குத் தெரிந்த பாடம் அது. ரேக்ளா பந்தயத்தில் ஓடியவற்றிலும் இதே சிக்கல் உண்டு. பின்னாலிருந்து சத்தம் வந்தால் ஓட்டமெடுக்கும், வாயும் மரத்துப்போயிருக்கும்.

காயடிக்காத ஆண் உங்களுக்கு எந்த விலையிலும் வேண்டாம். அக்கம்பக்கத்தில் ஒரு பெட்டை சூட்டுக்கு வந்தால் போதும், கற்றது எல்லாம் மறந்துபோகும். வாங்கிக் காயடித்துக்கொள்ளலாமே என்பார்கள். அறுவைக்கும் தடுப்பூசிக்கும் செலவு, அதன்பின் ஹார்மோன் அடங்க வாரக்கணக்கில் காத்திருப்பு. அதோடு இதுவரை ஆணாகவே திரிந்த பழக்கம் கத்தியோடு போய்விடாது.

பந்தயக் குதிரை மலிவாகத் தோன்றுவது ஏன்?

50,000 ரூபாய்க்கு 64 இன்ச் தரோப்ரெட் என்பது கண்ணைப் பறிக்கும் விலைதான். வயதிலும் பெரிய ஏமாற்று இருக்காது. தரோப்ரெட்டுக்குப் பிறப்புப் பதிவும் அடையாளச் சான்றும் உண்டு, எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். காயடித்தது என்பதும் நல்லதே. உங்கள் எடையையும் சுமக்கும்.

சிக்கல் அது கற்ற பாடத்தில் இருக்கிறது. இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே பயிற்சிக்குப் போய், நேராக வேகமாக ஓடுவதை மட்டுமே தொழிலாகக் கொண்டது. பயந்துபோய் நீங்கள் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால், அந்த இறுக்கத்தில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுக்கும், ஏனென்றால் பந்தயத் திடலில் அதற்கு அப்படித்தான் பழக்கம். இதை மாற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேர்ந்த ஆளுக்கே ஆறு மாதம், ஒரு வருடம் பிடிக்கும். கேன்டருக்குப் பயப்படுகிற நிலையில் நீங்கள் அந்த ஆள் கிடையாது. மெல்லிய தோல், மெல்லிய உள்ளங்குளம்பு, பந்தயக் குதிரைகளில் சர்வசாதாரணமான வயிற்றுப்புண், உடம்பு நிற்க வேண்டிய தீவனம் என்று தொடர் செலவும் அதிகம். முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாண் கிழிந்து ஓய்வு பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். அந்த இடத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நேர்கோடாக இல்லாமல் வில்போல் புடைத்திருக்கும். ஒருமுறை கிழிந்த நாண் மறுபடி கிழியும். வாங்கும் விலை சின்னது, வைத்திருக்கும் விலை பெரியது. இதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

செந்நிறப் பெட்டை

பன்னிரண்டு வயது என்பதைக் குறையாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குப் பத்திலிருந்து பதினாறு வரைதான் சரியான வயது. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்திருக்கும். நன்றாக வைத்துக்கொண்டால் இருபதைத் தாண்டியும் லேசான சவாரிக்கு வரும். ஆனால் பன்னிரண்டு என்று அவர் சொல்வதைப் பல்லோடு ஒத்துப்பாருங்கள். ஐந்து வயதில் எல்லாப் பால்பல்லும் விழுந்து வாய் சேர்ந்துவிடும். கீழ்வரிசை முன்பற்களின் குழிகள் நடுவிலிருந்து ஆரம்பித்து ஆறு, ஏழு, எட்டு வயதில் வரிசையாகத் தேய்ந்து மறையும். அதற்குப் பிறகு மேல்வரிசையின் கடைசி முன்பல்லைப் பாருங்கள். ஏறத்தாழ பத்து வயதில் ஈறோரம் ஒரு கறுத்த பள்ளக்கோடு எட்டிப் பார்க்கும். பதினைந்தில் பல்லின் பாதிவரை இறங்கும், இருபதில் அடிவரை போகும். கோடு பாதியைத் தாண்டியிருந்தால் அது பன்னிரண்டு இல்லை. ஓரிரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம், பல் கணக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது.

இனி எடை. குதிரையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணமும் சேர்த்து, ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எடை மேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வார் கட்டும் இடத்தில் நெஞ்சைச் சுற்றி அளந்து, சென்டிமீட்டரில் வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் அதைப் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். 55 இன்ச் குதிரைக்கு நெஞ்சுச் சுற்று 155, நீளம் 140 என்று வைத்துக்கொண்டால் சுமார் 283 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 56 கிலோ. மகள் 38, சேணம் 7, ஆக 45. இன்னும் பத்துக் கிலோ வளர இடமிருக்கிறது. நீங்கள் 74, சேணத்தோடு 81. அதற்கு 405 கிலோக் குதிரை வேண்டும். சுற்றுலாவில் இதைவிடப் பெரிய ஆட்களை ஏற்றினார்களே என்றால், ஏற்றினார்கள்தான். அதன் முதுகை நீங்கள் சோதிக்க வேண்டியிருப்பதே அதனால்தான்.

சேணத்தைக் கழற்றச் சொல்லி, பிடரி முடிகிற தோள்மேட்டிலும் அதன் இருபக்கமும் பாருங்கள். செந்நிறத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய சேணப்புண்ணின் தழும்பு. ஆறியது பரவாயில்லை. முதுகெலும்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, இருபக்கமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே பின்னோக்கி வாருங்கள். முதுகை வெட்டென்று இறக்கினாலோ, காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்கத் திரும்பினாலோ இன்றும் வலி இருக்கிறது. பிறகு வாய்: உதட்டோரம் காய்த்துப்போயிருக்கிறதா, நாக்கில் வெட்டுத் தழும்பு உண்டா என்று பாருங்கள். முள் வைத்த கடிவாளம் போட்டிருந்தால் அங்கே தெரியும். அத்தகைய முள் கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன, ஆனாலும் புழக்கத்தில் இருக்கிறது.

கால்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம். சரிவான தார்ச்சாலையில் வருடக்கணக்கில் நடந்த குதிரை இது. முதலில் நிற்கவைத்து நான்கு காலையும் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். குளம்பைத் தூக்கி, தவளை என்று சொல்லும் முக்கோணச் சதையைப் பாருங்கள். கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அழுகல், அது குணமாகும். குளம்புச் சுவரில் வளையக் கோடுகள் முன்னால் நெருங்கியும் குதிப்பக்கம் விரிந்தும் போனால் முன்பு குளம்பழற்சி வந்திருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

அடுத்து கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, முப்பது மீட்டர் நடையும் முப்பது மீட்டர் ட்ராட்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கயிற்றை மோவாய்க்குக் கீழே இறுக்கிப் பிடித்து ஓட்டினால் தலையாட்டம் மறைந்துவிடும், விடாதீர்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் நேரத்தில் தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் வலி என்றால் ஒரு பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். உங்கள் கைப்பேசியில் எடுத்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், நேரில் தப்பியது அதில் சிக்கும். கடைசியாக ஒவ்வொரு காலின் கணுவையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டதும் ட்ராட் ஓட்டச் சொல்லுங்கள். முதல் நாலைந்து அடி நொண்டிச் சரியானால் பன்னிரண்டு வயதுக்கு அது சகஜம். பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகும் நொண்டினால் வேண்டாம். வலிக்கு ஊசி போட்டு இதையெல்லாம் ஒரு நாளைக்கு மறைக்க முடியும் என்பதால், இரண்டாம் வருகையிலும் ஓட்டிப் பாருங்கள்.

கண்ணுக்கு, இருட்டான லாயத்தில் டார்ச் அடித்துப் பாவை சுருங்குகிறதா, உள்ளே நீலம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். குதிரைகள் மிரள்வதற்குக் குணம் மட்டும் காரணமில்லை, ஒரு பக்கம் பார்வை மங்கினாலும் அந்தப் பக்கம் வருவதற்கெல்லாம் துள்ளும்.

குணத்தைச் சோதிக்கும்போது, விற்பவர் குதிரையைத் தயாராகச் சேணம் போட்டு நிறுத்தியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஆரம்பத்திலிருந்து பாருங்கள். பிடிக்கப் போகும்போது விலகி ஓடுகிறதா? தேய்த்துவிடும்போது, நான்கு காலையும் தூக்கும்போது, வார் இறுக்கும்போது என்ன செய்கிறது? சேணம் போட ஒருவர் காதை முறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் அங்கேயே முடிந்தது. முதலில் விற்பவர் அல்லது அவர் ஆள் ஏற வேண்டும். அவர் ஏறத் தயங்கினால் நீங்கள் ஏறாதீர்கள். அடுத்து உங்கள் பயிற்சியாளர், அதன்பிறகுதான் மகள். ஏறும்போது அசையாமல் நிற்க வேண்டும், ஒரு காலை அங்கவடியில் வைத்ததுமே நடக்க ஆரம்பிப்பது கெட்ட பழக்கம்.

சுற்றுலாக் குதிரைக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. வருடக்கணக்காக அது முன்னால் போகும் குதிரையின் வாலையோ, கயிறு பிடித்த ஆளின் தோளையோ பார்த்துத்தான் நடந்திருக்கிறது. மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்கவே தேவை இருந்ததில்லை. ஆகவே அதைக் கூட்டத்திலிருந்து பிரித்து, வழக்கமான பாதைக்கு எதிர்த்திசையில், கயிறு பிடிக்க ஆளில்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஓரிரு முறை நின்று திரும்பிப் பார்த்தாலும், பயிற்சியாளர் சொன்னதும் போனால் நல்லது. பின்னோக்கியே நகர்ந்தால், எழும்பினால், திரும்பி லாயத்துக்கு ஓடினால், அது மகளுக்கான குதிரை இல்லை. திரும்பி வரும் வழியில் வேகம் கூட்டுகிறதா என்றும் கவனியுங்கள். பஸ் ஹாரன், குரைக்கும் நாய், காற்றில் படபடக்கும் தார்ப்பாய், விரிக்கும் குடை இவற்றுக்குத் துணுக்குறலாம், உடல் சிலிர்க்கலாம், ஓரடி விலகலாம். அதன்பிறகு என்ன செய்கிறது என்பதே முக்கியம். நின்று, மூக்கால் மூச்சுவிட்டு, தலையைத் தாழ்த்தினால் அதைத்தான் சாது என்று சொல்ல வேண்டும். பயமே இல்லாத குதிரை கிடையாது.

சுழியைப் பற்றி

கண்ணுக்குக் கீழே விழும் சுழி ஆகாது என்பது பல வட்டாரங்களில் உள்ள நம்பிக்கை. கழுத்தடியில் தேவமணி என்னும் சுழி இருந்தால் விலை ஏறுவதும், நான்கு கால் வெளுத்து நெற்றியும் வெளுத்தால் பஞ்சகல்யாணி என்று ஏறுவதும் அதே கணக்கில்தான். சுழி என்பது முடி முளைக்கும் திசை மாறும் இடம். காலையோ நுரையீரலையோ அது தொடுவதில்லை. அதன் உண்மையான உபயோகம் அடையாளத்தில்தான்: கைரேகைபோல ஒவ்வொரு குதிரைக்கும் அமைப்பு மாறும் என்பதால், குதிரைகளின் அடையாளச் சான்றில் சுழி இருக்கும் இடங்களை மருத்துவர் குறித்துத் தருவது உலகெங்கும் வழக்கம். வீட்டுப் பெரியவர்களிடம் வாதாடிப் பயனில்லை என்றால், அதைப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுழிக் குதிரையை வேறு யாரும் எளிதில் வாங்க மாட்டார்கள் என்று விற்பவருக்கும் தெரியும். 60,000 என்று சொன்னது 45,000 வரை இறங்க வழியிருக்கிறது.

பணத்தைப் பிரிப்பது

1,25,000 முழுவதையும் குதிரைக்கே கொடுத்துவிட்டால் மறுமாதம் தவிப்பீர்கள். குதிரைக்கு 60,000க்கு மேல் போகாதீர்கள். மருத்துவப் பரிசோதனை, ரத்தச் சோதனை, வண்டி வாடகைக்கு 15,000 எடுத்து வையுங்கள். அதன் முதுகுக்குப் பொருந்தும் சேணம், முள்ளில்லாத சாதாரண கடிவாளம், மகளுக்கு நல்ல ஹெல்மெட்டுக்கு ஒரு 20,000. மீதம் தீவனத்துக்கும் லாடத்துக்கும் அவசரத்துக்கும். ஹெல்மெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது.

பரிசோதனைக்கு மாடு பார்க்கும் மருத்துவரைவிடக் குதிரை பார்த்துப் பழகியவர் வேண்டும். நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். பெட்டை என்பதால் சினையா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சினைக்காலம் பதினோரு மாதம், ஆரம்ப மாதங்களில் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் சர்ரா (ரத்த ஒட்டுண்ணி நோய்), குதிரைத் தொற்று ரத்தசோகை இரண்டையும், இவற்றோடு கிளாண்டர்ஸ் நோயையும் பார்க்க வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதர்களுக்கும் தொற்றும். குதிரைக்கு உறுதியானால் சிகிச்சை கிடையாது, சட்டப்படி கருணைக்கொலைதான். இதற்கான ரத்த மாதிரிகளை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் சோதிக்கிறது. கால்நடைத்துறை வழியாக அனுப்பலாம். முடிவு வரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். மூக்கில் சளியோ, காலில் வரிசையாகக் கட்டியோ இருந்தால் பக்கத்திலேயே போக வேண்டாம்.

விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: வயது, நிறம், சுழிகள் இருக்கும் இடம், கடிக்கும் உதைக்கும் பழக்கம் இல்லை என்ற உறுதி, பதினைந்து நாளுக்குள் சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற வரி. அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாதவர், ஒரு மாதம் வாடகைக்குத் தரச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால் காரணம் இருக்கும்.

தோப்பில்

தென்னைமரத்தில் குதிரையைக் கட்டாதீர்கள். காயும் மட்டையும் விழும் என்பது உங்களுக்குத் தெரியும், அது விழும் சத்தத்துக்கே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரமில்லாத இடத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கொட்டகை, காற்றோட்டம், மேடான தரை. முள்கம்பி வேலி இருந்தால் குதிரை நிற்கும் பகுதிக்கு மட்டுமாவது மூங்கிலோ சவுக்கோ வைத்து மறைத்துவிடுங்கள். மாடு முள்கம்பியைக் கண்டால் நிற்கும், குதிரை மிரண்டு அதற்குள்ளேயே பாயும். தனியாகவும் விடக் கூடாது. கூட்டத்தில் வாழும் பிராணி, தனிமையில் கனைத்துக்கொண்டே உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்ட ஆரம்பிக்கும். கண்ணில் படும் தூரத்தில் ஒரு மாடோ ஆடோ இருந்தால் போதும்.

தீவனம் உடல் எடையில் இரண்டிலிருந்து இரண்டரை சதவீதம், காய்ந்த எடையில். இந்தப் பெட்டைக்கு நாளொன்றுக்கு நான்கு கிலோ உலர்புல், பன்னிரண்டு கிலோ பசும்புல், அதோடு ஊறவைத்த கொள்ளு அரைக்கிலோ, உப்பு 25 கிராம், தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாமல். பசும்புல் என்றதும் மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 நேப்பியரையே கொட்டிவிடுவார்கள். அதிலும் கொங்குப் பகுதி மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும், குதிரைக்கு அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, மாதக்கணக்கில் எலும்பை உருக்கும், முகம் புடைக்கும். தவிட்டையும் சேர்த்தால் இன்னும் மோசம். அருகம்புல்லையும் குதிரைமசாலையும் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் வேண்டாம், குடலில் அடைத்துச் சூலை வரும். கோழித் தீவனமும் மாட்டுக்கான கலப்புத் தீவனமும் குதிரைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்குச் சேர்க்கும் மொனென்சின் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் பார்க்க ஆள் வேண்டும். உங்கள் வட்டாரத்தில் குதிரைக்கு லாடம் அடிப்பவர் யார் என்று குதிரை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள், மாட்டு லாடக்காரர் இதற்கு ஆக மாட்டார். வருடத்துக்கொருமுறை பல் ராவ வேண்டும். ரணஜன்னிக்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும், ஏற்கெனவே போட்டதற்கு ஆதாரம் இல்லை என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் மூன்று வாரம் மற்ற கால்நடைகளோடு ஒட்டவிடாமல், ஆனால் அவை கண்ணில் படும்படி வைத்துக் காலை மாலை காய்ச்சல் பாருங்கள். ஓய்வில் 37.2லிருந்து 38.3 டிகிரி செல்சியஸ் வரை சரி. முதல் வாரம் சவாரி வேண்டாம், கயிற்றில் நடத்திச் சென்று தோப்பைக் காட்டுங்கள். சொட்டுநீர்க் குழாயை மிதிக்கும்போது என்ன செய்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கொள்ளு முதல் நாளே அரைக்கிலோ போட வேண்டாம், கைப்பிடியில் ஆரம்பித்துப் பத்து நாளில் ஏற்றுங்கள். ஆறு வாரம் ஆனதும் பயிற்சியாளரை ஒருமுறை வரவழைத்து ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். சதை பிடித்த பிறகும் அதே குணம் இருந்தால் மகளை நடைக்கும் ட்ராட்டுக்கும் விடலாம், நீங்கள் பக்கத்தில் நின்றபடி. கேன்டர் பள்ளித் திடலிலேயே இருக்கட்டும். தோப்பு வரப்பில் அதற்கு இடமில்லை.

உங்களுக்கு இப்போது குதிரை இல்லை என்பது வருத்தமாக இருக்கலாம். வகுப்பைத் தொடருங்கள், கேன்டரில் கைவிட்டு உட்கார வரட்டும். அப்போது 405 கிலோவுக்கு மேல் உள்ள, பத்து வயதைத் தாண்டிய, காயடித்த குதிரையாகத் தேடலாம். உங்கள் பள்ளியிலேயே ஓய்வுக்கு நெருங்கும் குதிரை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதன் குணத்தை ஏழு மாதமாகப் பார்த்துவருகிறீர்கள், தரகரும் தேவையில்லை.